குணாளன் ஓடிய ஓரமும் நம்ம திடலும்

போன ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு, அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். நம்ம தொண்டர் குழுப் பையன் ஒருத்தன், "அங்கிள், எஸ். குணாளன் ஆடுனத நேர்ல பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டான்.

நேரில் இல்லப்பா. காஜாங் மாமாக் கடையில், இடமில்லாம நின்னுக்கிட்டே பார்த்தோம். 2010 டிசம்பர் 26, சுசுகி கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடிச்சோம். மூணு நாள் கழிச்சு ஜகார்த்தாவில் 2-1 தோற்றாலும், மொத்தத்தில் 4-2. கிண்ணம் முதல் தடவையாக நம் நாட்டுக்கு வந்தது. 31-ஆம் தேதி பொது விடுமுறையே விட்டாங்க. பயிற்றுநர் கே. ராஜகோபால், வலது ஓரத்தில் குணாளன். மறுநாள் தொழிற்சாலையில் மலாய்க்கார நண்பர்கள் எங்களைப் பார்த்து "குணாளன் லாஜு!" என்றபோது, ஏதோ நாங்களே ஓடின மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த இரண்டு ஆட்டத்திலும் அவர் கோல் அடிக்கவில்லை. சக ஆட்டக்காரர்களிடம் ஒருத்தருக்கு என்ன மதிப்புன்னு தெரியணுமா? நெருக்கடியில் பந்தை யாரிடம் தள்ளுறாங்கன்னு பாருங்க. போதும்.

நெகிரி செம்பிலான், சிலாங்கூர், அப்புறம் ஜொகூர் டாருல் தக்சிம். அங்கே போனதும் முன்னால் ஓடினவர் வலது தற்காப்புக்கு வந்தார். 2015-இல் அந்தக் குழு துஷான்பேயில் இஸ்திக்லோலை 1-0 என்று வென்று ஏஎப்சி கிண்ணத்தைத் தூக்கியது. தென்கிழக்காசியக் கிளப் ஒன்று அதை வென்றது அதுதான் முதல் முறை. நாங்க வேலையிடத்தில் ஒருத்தரை வேற மெஷினுக்கு மாற்றினாலே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாங்க. இடம் மாறியும் குழுவில் நிலைக்கிறது லேசான காரியமா?

இதையெல்லாம் சொல்லி முடிச்சோம். பையன் மெதுவா, "நாங்க எங்க அங்கிள் ஆடுறது?"ன்னான்.

வாய் அடைச்சுப் போச்சு. கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் பசங்க ஆடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. பூசை நேரத்தில் பந்து விழுதுன்னு விரட்டினது நாங்கதான். அப்புறம் அங்கே கார் நிறுத்த ஆரம்பிச்சோம். ஆடின பசங்கள்ல பாதிப் பேர் இப்போ கோயில் பக்கமே வர்றதில்ல. சாயங்காலம் எங்கே இருக்காங்கன்னு அவங்க அம்மா அப்பாவுக்கே தெரியல. "நம்ம பசங்க தேசியக் குழுவில் ஏன் குறைஞ்சுட்டாங்க?"ன்னு பேசுற தகுதி நமக்கு இருக்கா?

குழுவில் பேசி முடிவு பண்ணிட்டோம். வர்ற ஞாயிறு முதல் சாயங்காலம் 5 மணிக்குத் திடல் பசங்களுக்கு. தயவுசெஞ்சு காரைச் சாலையோரம் முறையா நிறுத்துங்க. வீட்டில் சும்மா கிடக்கிற பந்து, காலணி இருந்தா கொண்டு வாங்க. ஆறரை மணிக்குப் பூசை மணி அடிச்சா ஆட்டத்தை நிறுத்திக் கைகால் கழுவிட்டு வந்துடுறோம்னு பசங்களே சொல்லிட்டாங்க.

விரட்டினவங்களே கூப்பிடுறோம். வாங்க தம்பிகளா.