மூன்று வீட்டு ஆமைக் கார்



எங்கள் வாப்பாமார் காலத்தில் மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குக் காரைக் கொண்டுபோவதென்றால் துறைக்குத் துறை காத்துநின்று பாதையில் ஏற்ற வேண்டும். வெயிலில் மற்றக் கார்களுக்கு ரேடியேட்டர் கொதிக்கும். ஜேர்மன்காரன் செய்த வோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு, அதுதான் எங்கள் ஆமைக் காருக்கு, ரேடியேட்டரே இல்லை. பின்னாலிருக்கும் எஞ்சின் காற்றிலேயே ஆறிவிடும். இதைச் சொல்லியே வாப்பாமார் மொரிஸ் மைனர்காரர்களைச் சீண்டுவார்கள்.

அந்தக் கார்கள் எங்கள் கைக்கு வந்தன. 2006 ஆகஸ்டில் ஊரே கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது மூன்று வீட்டுப் பீட்டில்களும் கொட்டிலிலேயே நின்றன. திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுதான் உருப்படி. மற்ற இரண்டிலும் மிஞ்சியதைக் கழற்றி அதற்குப் பூட்டினோம். கதவு ஒரு வீட்டுடையது, கியர்பொக்ஸ் இன்னொரு வீட்டுடையது. இப்போது அது யாருடைய கார்? மூன்று வீட்டாரும் "எங்கட" என்கிறோம்.

மெக்சிகோவில் 2003இல் கடைசிப் பீட்டில் வெளிவந்ததோடு உற்பத்தி முடிந்துவிட்டது. அதனால்தான் கொழும்பிலிருந்து ஆள் தேடி வந்து விலை பேசுகிறார். எங்களில் ஒருவருக்கு மகளின் கல்யாணம், காசு வேண்டும். விற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய பங்கைக் கொடுத்து எடுக்க முடியுமா என்று மற்ற இரண்டு வீட்டாரும் கணக்குப் பார்க்கிறோம்.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூடுகிறோம். பழைய பீட்டில் சாமான் யாரிடமாவது கிடந்தால் அதற்குள் சொல்லுங்கள்.