ருக்மணி தேவியும் நம்ம மொழிப் பிள்ளைதான்

நாளைக்கு ஒக்டோபர் 28. ருக்மணி தேவி காலமான நாள்.

பேரைக் கேட்டதும் சிங்களவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவருடைய சொந்தப் பேர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923இல் நுவரெலியாப் பக்கம் றம்பொடையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். சின்ன வயதில் இராமாயண நாடகமொன்றில் சீதையாக நடித்தபோதுதான் அவருக்கு ருக்மணி தேவி என்ற மேடைப் பேர் வந்தது. 1947 ஜனவரி 21இல் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ'. அதன் கதாநாயகி இவர்தான். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். படம் எடுத்ததும் தமிழ்நாட்டில். (மாலினி பொன்சேகா பிறந்ததே அந்தப் படம் வந்து மூன்று மாதம் கழித்து!)

எங்க வாப்பா பொலன்னறுவைப் பக்கம் நெல் வியாபாரத்துக்குப் போய் வந்தவர். சிங்களம் எழுத வராது. ஆனால் ருக்மணி தேவியும் மொஹிதீன் பெக்கும் சேர்ந்து பாடினதை ஏறாவூர் வீட்டு முற்றத்தில் இருந்து முணுமுணுப்பார். இருவரையும் ரேடியோவில் கேட்டதோடு சரி. 1979இல்தானே இங்கே தொலைக்காட்சியே வந்தது. அதற்கு ஆறு மாதம் முந்தி, மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜாஎல பக்கம் துடெல்லயில் வாகன விபத்தில் ருக்மணி தேவி போய்விட்டார். வயது 55.

தரம் 10இல் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "ஏன் சேர் பேரை மாத்தினாங்க?"

அந்தக் காலத்து நாடக, சினிமா வழக்கம் அது. பம்பாயில் யூசுப் கானும் திலீப் குமார் ஆனார். ஆனால் சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெக், பௌத்த பக்திப் பாடல்களைக்கூட மொஹிதீன் பெக் என்ற பேரிலேயே பாடினார். சிங்களச் சனம் அந்தப் பேரோடுதான் அவரைத் தலையில் தூக்கி வைத்தது. அப்படியென்றால் ராசம்மா என்ற பேரையும் அந்தச் சனம் ஏற்றிருக்காதா? எனக்கு ஏற்றிருக்கும் என்றுதான் படுகிறது. பெண் என்பதால் கணக்கு வேறாக இருந்திருக்கலாம்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு நல்ல குரல். இந்த வருட நாடகத்தில் அவள்தான் பிரதான பாத்திரம். வாப்பாவுக்குச் சம்மதம்தான். "பேஸ்புக்கில மட்டும் பேரும் படமும் போடாதீங்க சேர்" என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்குது. ஊர் வாய் நமக்குத் தெரியாததா? இங்கே போடவில்லை. பாடசாலை நிகழ்ச்சி நிரலில் மட்டும் அவளுடைய முழுப் பேரையும் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.