ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தால் மூன்று வகை ஆண்களைப் பார்க்கலாம். கறிக்கடை வரிசையில் தூக்குவாளியோடு நிற்பவர்கள் முதல் வகை. பத்து மணி வரை போர்வைக்குள் கிடப்பவர்கள் இரண்டாம் வகை. (இவர்களைப் பார்க்க முடியாது. குறட்டையைக் கேட்கலாம்.) மூன்றாம் வகைக்கு முகமே கிடையாது. ஏதாவது ஒரு பழைய வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கால்களில் ஒரு ஜோடி அடியேனுடையது.

என் வண்டி 1986-ல் பிறந்த மகேந்திரா ஜீப். டீசல். எனக்கு மூத்தது. அப்பா ஒரு ஏலத்தில் எடுத்தார். தெருவில் அது வந்து நின்ற நாளில், 'தாசில்தார் வந்துட்டாரு' என்று எதிர்வீட்டில் அவசரமாக வேட்டியை மாற்றினார்களாம். நம் ஊரில் ஜீப் என்றாலே அப்படித்தான். தாசில்தார், போலீஸ், சினிமா வில்லன்... இந்த மூவரைத் தவிர வேறு யாரும் அதில் வரலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்கா. 1941-ல் பட்டாளத்துக்காகப் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி அதைச் சம்சாரி வண்டியாக மாற்றி விற்றது. 1945-ல் லூதியானாவில் 'மகேந்திரா அண்ட் முகமது' என்று ஒரு கம்பெனி ஆரம்பமானது. பிரிவினைக்குப் பிறகு, 1948-ல் அதுவே 'மகேந்திரா அண்ட் மகேந்திரா' ஆனது. அவர்கள் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாகக் கப்பலில் வரவழைத்து, இங்கே பூட்டி விற்றார்கள்.

அதாவது, பிரித்துப் பூட்டுவதற்கென்றே இந்தியா வந்த வண்டி அது. நான் செய்தால் மட்டும் என்ன தப்பு?

என் மனைவியின் கேள்வி வேறு. "இந்த டப்பாவை எப்பங்க விக்கப் போறீங்க?"

நான் பி.காம். கணக்கில் பதில் சொன்னேன். "இதோ பாரு, வருமான வரிக் கணக்குல காருக்கு வருஷத்துக்கு 15 பர்சென்ட் தேய்மானம். மிச்சம் இருக்கிற மதிப்புலதான் அடுத்த வருஷம் 15 பர்சென்ட். லட்ச ரூபாய் வண்டி பத்து வருஷத்துல இருபதாயிரத்துக்குக் கீழே வந்துடும். ஆனா என்னிக்குமே சைபர் ஆகாது!"

"சைபர் ஆகாதுன்னா, விக்கவும் முடியாதா?"

பி.காம். சிலபஸில் இதற்குப் பதில் இல்லை.

கடைசியில் ஒரு பந்தயம் முடிவானது. பிரேக்கை நானே சரி செய்து, குடும்பத்தோடு சிறுமலை ஏறி இறங்க வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவு. வண்டி நல்லபடியாகத் திரும்பி வந்தால் வீட்டோடு இருக்கும். வராவிட்டால் பழைய இரும்புக் கடை.

சனிக்கிழமை சாமான் வாங்கக் கிளம்பினேன். பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு ரப்பர் கப் மாற்ற வேண்டும். பழைய ஜீப்புக்குச் சாமான் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். இங்கிருந்து மேற்கே போனால் போடி, கம்பம். அங்கெல்லாம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதே ஜீப்தான். அதனால் இந்தப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் ஜீப்புக்கு இன்னும் மரியாதை உண்டு. மணிக்கூண்டிலிருந்து பழனி ரோடு வரை நாலு கடை ஏறி இறங்கினேன். ரப்பர் கப் இரண்டும், பிரேக் ஆயில் ஒரு டப்பாவும் கைக்கு வந்தன.

அப்படியே நாகல்நகர் போனேன். ஜீப்பின் டூல் பாக்ஸில் ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு. அப்பா காலத்தது. சாவி போட்டால் திரும்ப மறுத்தது. நாகல்நகரும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும்தான் பூட்டுத் தொழிலின் ஊற்றுக்கண். மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போது மணியடிக்கும் பூட்டு என்று விதம் விதமாக, எல்லாம் கைவேலை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அரம் பிடிக்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பூட்டைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்தார்.

"யாரு தம்பி இதுல எஞ்சின் ஆயில் ஊத்துனது?"

"நான்தாங்கய்யா. லூசாகட்டும்னு..."

"எண்ணெய் விட்டா தூசி ஒட்டும். தூசி சேந்தா உள்ள இருக்கிற லீவர் எல்லாம் கட்டிக்கும். மண்ணெண்ணெய்ல அலசிட்டுப் பென்சில் தூளு போட்டாப் போதும்." பூட்டை ஓரமாக வைத்தார். "எதுக்கு எண்ணெய் விடணும்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி. எதுக்கு விடக் கூடாதுன்னு தெரியறதுதான் தொழிலு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

ஒரு பூட்டுக்கு இவ்வளவு தத்துவமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் ஞாயிறு. ஜாக்கி போட்டுத் தூக்கி, கல் முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தேன். வண்டிக்கு அடியில் படுத்தால் ஒரு சௌகரியம்... பம்பருக்கும் தெருவுக்கும் நடுவே மலைக்கோட்டை தெரியும். திண்டு மாதிரி படுத்திருக்கும் கல். அதனால்தான் திண்டுக்கல் என்பார்கள். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கோட்டை கட்ட ஆரம்பித்தார். 1755-ல் ஹைதர் அலி வந்தார். பிறகு வெள்ளைக்காரன் வந்தான். எல்லோரும் போய்விட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் மாற்றாமல் கல் மட்டும் அப்படியே இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

பழைய சிலிண்டரில் அழுக்கு அப்பிக் கிடந்தது. ஒரு கிண்ணத்தில் டீசல் ஊற்றிச் சிலிண்டரைக் கழுவினேன். கையோடு புது ரப்பர் கப்பையும் அதிலேயே போட்டு அலசினேன். சுத்தம் சோறு போடும் இல்லையா? எல்லாவற்றையும் பூட்டினேன்.

அடுத்தது ஏர் எடுக்கும் படலம். பிரேக் ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது. கொடுத்த அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். காற்று அப்படியில்லை, சுருங்கிவிடும். குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. அதனால் ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்தில் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து மூடிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிக்க ஆள்?

"மிதி... பிடி... விடாதே... ம், இப்ப விடு!"

"இதுக்குத்தான் எங்கப்பா நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாரா?"

தெருவே காபி டம்ளரோடு வேடிக்கை பார்த்தது. அரைமணி நேரத்தில் பெடல் மலைக்கோட்டை மாதிரி கெட்டியானது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு. முன் சீட்டில் மனைவி, பின்னால் ஐந்து வயது மகனும் புளியோதரையும். நத்தம் ரோட்டில் போய்ச் சிறுமலைப் பிரிவில் திரும்பினோம். சமவெளியின் அனல் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிடி குறைந்தது. வண்டி கொஞ்சம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. 'வயசாச்சில்ல' என்று நினைத்துக்கொண்டேன். (முதல் எச்சரிக்கை. கவனிக்கவில்லை.)

மேலே சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. சின்னப் பழம், தோல் தடித்தது, ருசி அலாதி. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையின் வாழைத் தோட்டங்களைச் சூறையாடியதும், அப்புறம் மெல்ல மெல்லத் தேறியதும் பெரிய கதை. சுமை தூக்கும் குதிரை ஒன்று பக்கத்தில் நின்றது. மகன் கேட்டான்: "அப்பா, குதிரைக்குப் பிரேக் எங்க இருக்கு?" சிரித்தோம்.

இறங்கும்போது ஐந்தாவது வளைவில் கருகும் வாடை வந்தது. "யாரோ சமைக்கிறாங்க" என்றேன். காட்டுக்குள் யார் சமைக்கப் போகிறார்கள்? ஆறாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன்.

பெடல் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது.

அந்த வினாடியில் எனக்குத் தெரிந்த பி.காம். எல்லாம் மறந்துபோனது. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போக ஒரே வழிதான். ஒரு சக்கரத்தில் கெட்டால் நாலும் போச்சு. நல்லவேளை, வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி மலைப்பக்கச் சரிவில் ஒருபக்கமாக உரசி, நின்றது.

மறுபக்கம் பள்ளம். அதற்கும் கீழே வெயிலில் எங்கள் ஊர். கல் ஒரு பக்கமாகத் திண்டு மாதிரி படுத்திருந்தது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. மகனை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கை நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். இறங்கி வந்த பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். செல்போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. டவுனில் இருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கில் ஏறி வந்தார் மனுஷன்.

சக்கரம் ஆறியதும் பிரித்தார். ரப்பர் கப்பை விரலில் எடுத்துக் காட்டினார். ஊறப்போட்ட உளுந்த வடை மாதிரி உப்பியிருந்தது.

"என்னத்துல கழுவுனீங்க?"

"டீசல்லண்ணே."

மலையே அமைதியானது. ஒரு குரங்குகூடக் கத்தவில்லை.

"டீசல், பெட்ரோல், கிரீஸ், எஞ்சின் ஆயில்... எதுவும் பிரேக் ரப்பர் மேல படக் கூடாது தம்பி. உப்பிப் போயிரும். உப்புன கப்பு திரும்பி வராது. பிரேக் கட்டை டிரம்மை விட்டு நகராது. ஒரசி ஒரசிச் சூடேறி, ஆயிலே கொதிச்சு ஆவியாயிடும். அப்புறம் நீங்க மிதிக்கறது ஆயிலை இல்ல, ஆவியை."

பிரேக் ஆயிலுக்கும் ஒரு கொதிநிலை உண்டாம். 'டாட் 3' என்று டப்பாவில் போட்டிருந்தால், புதுசில் குறைந்தது 205 டிகிரி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் சேர்ந்து பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் ரப்பரைக் கழுவ வேண்டுமென்றால் புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

எதுக்கு எண்ணெய் விடக் கூடாதுன்னு தெரியறதுதான் தொழிலு... நாகல்நகர்ப் பெரியவர் சனிக்கிழமையே சொல்லிவிட்டார். நான்தான் அது பூட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணன் புதுக் கப் போட்டார். பழைய ஆயில் முழுவதையும் வெளியே விட்டு, புதுசு ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். இந்த முறை பெடல் மிதித்தது நான். அவரே ஓட்டி இறக்கினார். "வண்டி மேல தப்பில்ல தம்பி. 1986 வண்டி, பாருங்க, எப்படி நிக்குது!" என்றார். தப்பு யார் மேல் என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனுஷன்.

வீட்டுக்கு வந்தேன். மகன் தூங்கிவிட்டான். மனைவி கதவைத் திறந்தாள்.

"அப்ப... பழைய இரும்புக் கடைக்குப் போன் பண்ணட்டுமா?" என்றேன்.

"ஜீப்பு என்ன பாவம் பண்ணுச்சு? அது எங்களைக் கீழ விழாமப் பிடிச்சு நிறுத்திச்சு. அது இருக்கட்டும். உங்க ஸ்பேனரை வித்துடுங்க."

பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது. கிரீஸ் அடிப்பது, எஞ்சின் ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர் தட்டுவது, பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது... இவை என் இலாகா. பிரேக்கும் ஸ்டியரிங்கும் மெக்கானிக் அண்ணன் இலாகா. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், கை வைக்கக் கூடாது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கால்கள் தெருவில் நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது எதைத் தொடுவதற்கு முன்னாலும், 'இது தொடக் கூடாததோ?' என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.

நாகல்நகர்ப் பெரியவர் பூட்டைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார். பென்சில் தூள் போட்டு, வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. டூல் பாக்ஸில் ஜம்மென்று தொங்குகிறது.

சாவி மட்டும் மனைவியிடம்!