பூட்டிய பெட்டியுள் பாட்டியின் குரல்

காலஞ்சென்ற எங்கள் பாட்டி சொன்ன கதைகளின் ஒலிப்பதிவெல்லாம் அக்காளின் மடிக்கணினியில்தான் இருந்தன. பழுதான மதர்போர்டை மாற்றி வந்த அன்று, திரையில் 'பிட்லாக்கர்' மீட்புச் சாவி கேட்டது. வீடே திகைத்தது.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்றார் கடைக்காரர். நல்ல வைத்தியம்! உண்மை யாதெனில், வட்டில் பழுதே இல்லை. அதைத் திறக்க உதவிய டி.பி.எம். சில்லு பழைய போர்டோடு போய்விட்டது. இனி 48 இலக்கச் சாவியன்றி வேறு வழியில்லை.

அக்காள் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினாள். அங்கே சாவிகள் இரண்டு! திரையில் தெரிந்த அடையாள எண்ணோடு ஒத்துப் பார்த்து, உரியதை எடுத்தாள். ஆறாறு இலக்கமாய் எட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடுமாம். ஆகவே ஓர் இலக்கம் தவறினாலும் அகப்பட்டுவிடும். நான் வாசிக்க, அவள் தட்டினாள்.

முதலில் பாட்டியின் இருமல் கேட்டது, பிறகு கதை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.