நெத்தலி மணக்கும் உடோன் கடை

பயிற்சியொன்றுக்காக ஜப்பான் சென்றிருந்தபோது, ஓய்வு நாளொன்றில் ஒக்கயாமா நகரிலிருந்து ரயிலேறித் தக்கமட்சுவுக்குப் போனேன். இடையில் கடல். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட பாலமொன்றின் மேலாக ரயில் போகிறது. கீழே சின்னச் சின்னத் தீவுகள். கல்லடிப் பாலத்தைப் பெரிய பாலம் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

தக்கமட்சு, ககாவா மாகாணத்தின் தலைநகர். ஜப்பானில் பரப்பளவில் ஆகச் சிறிய மாகாணம் இது. மழை குறைவு என்பதால் எமது பக்கத்தைப் போலவே குளங்கள் கட்டி விவசாயம் செய்திருக்கிறார்கள். நெல் அறுத்த வயலில் குளிர்காலத்திற்குக் கோதுமை விதைப்பார்கள். அந்தக் கோதுமை மாவில் செய்வதுதான் உடோன் என்னும் தடித்த நூடில்ஸ். மாவும் உப்பும் தண்ணீரும் மட்டுமே. இன்று பெரும்பாலும் அவுஸ்திரேலியக் கோதுமையைத்தான் பாவிக்கிறார்கள். ஆனாலும் 2011 முதல் 'உடோன் மாகாணம்' என்றே தம்மை விளம்பரம் செய்கிறார்கள்.

எம்மைக் கூட்டிச் சென்ற பெண் காட்டிய கடையில் இளம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இப்போது இப்படியான கடைகள்தான் நாகரிகமாம். குசினி திறந்தே கிடக்கிறது. குழைத்த மாவைப் பையில் சுற்றிக் காலால் மிதித்துப் பதப்படுத்துவது அங்கு பழைய வழக்கம். கைக்கு அடங்காத இறுக்கமான மா அது. பிறகு அதை ஆறவிட்டு, உருட்டித் தட்டையாக்கி, மடித்து, கத்தியால் நீளமாக வெட்டி அவிக்கிறார்கள். இடியப்ப உரலைப் பிழிந்து தோள் நோகும் எமக்கு அந்த வேலையின் பாரம் விளங்கும்.

தட்டை நாமே எடுக்க வேண்டும். சிறிய கோப்பையா பெரியதா என்று சொன்னால் நூடில்ஸ் வரும். மாவில் தோய்த்துப் பொரித்த கத்தரிக்காய், வற்றாளைக் கிழங்கு, இறால் என்று விரும்பியதை எடுத்துக்கொண்டு காசைக் கட்டலாம். வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் இலவசம்.

ரசம் போன்ற அந்தச் சாறை வாயில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெத்தலி! பக்கத்துக் கடலிலுள்ள இபுகித் தீவில் பிடித்து, அவித்து, காயவைத்த நெத்தலியில்தான் அந்தச் சாறு எடுக்கிறார்கள். ஜப்பானின் வேறு இடங்களில் எங்கள் மாசிக்கருவாட்டைப் போன்ற சூரைமீன் கருவாட்டைச் சீவிப் போடுவார்கள். புளியும் மிளகாயும் இல்லாத நெத்தலிச் சொதி என்று நினைத்துக் குடித்தேன். ஒரு பச்சை மிளகாய் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

1945ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி அதிகாலையில் அமெரிக்க விமானங்கள் தக்கமட்சுவில் குண்டு வீசின. நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நான் இருந்து சாப்பிட்ட தெருவும் சாம்பலிலிருந்து எழுந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் தனியே இருந்தார். சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டார். அங்கே அது குற்றமில்லை. பத்து நிமிடத்தில் கோப்பையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கச்சேரிக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக மட்டக்களப்பு நகருக்கு வரும் எமது பெண்கள், காலையில் குடித்த தேநீரோடு பின்னேரம் வீடு திரும்புவதைப் பல வருடங்களாகக் காண்கிறேன். காசில்லாதது ஒரு காரணம். கையில் காசிருந்தாலும், தனியே கடைக்குள் ஏறி மேசையில் இருக்கக் கூச்சம். கணவனை இழந்தவர் என்றால் கண்களும் கதைகளும் இன்னும் அதிகம். ஒரு பணிசை வாங்கிப் பையில் வைத்து, பஸ்ஸுக்குள் இருந்து பிய்த்துத் தின்பார்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் சிலரிடம், அந்தக் கடையில் ஒருநாளாவது இருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன். "எங்களுக்கென்ன விசரா?" என்று சிரித்தார்கள்.

வடக்கில் விவசாயத் திணைக்களம் தொடக்கிய 'அம்மாச்சி' உணவகங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ளதற்கு நான் போயிருக்கிறேன். அங்கும் சமைப்பதும் விற்பதும் பெண்கள்தான், எல்லோர் கண்முன்னாலும். மத்தியான நேரம். ஆஸ்பத்திரிக் கொப்பியை மடியில் வைத்தபடி ஒரு அம்மா தனியே இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டு வாங்கினார்.