முழங்கைக்குச் சற்று மேலே

சிறுபிள்ளைகளின் எலும்பு தானே கூடிவிடும் என்பது எங்கள் குடும்பத்துப் பெரியவர்களின் அசையாத நம்பிக்கை. அதில் பெரும்பங்கு உண்மையும் இருக்கிறது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தோள்பக்கத்து முனையில் நிகழ்கிறது. அங்கே முறிந்து சற்றுக் கோணலாகக் கூடினாலும் வளர்ச்சியே அதனைப் பெரும்பாலும் நேராக்கிவிடும். முழங்கைப் பக்கத்து முனைக்கு எஞ்சியது 20 விழுக்காடுதான். அங்கே பக்கவாட்டில் கோணிக் கூடிய எலும்பு கோணலாகவே நின்றுவிடும். ஒரே எலும்பின் இரு முனைகளுக்கு இரு வேறு விதிகள் என்பதை 2022ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தபோது அறிந்தோம்.

அவனுக்கு அப்போது ஆறு வயது. ஊன்றிய இடக்கை முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிற்று. பெரியப்பா புத்தூருக்கு வண்டி பேசச் சொன்னார். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள அவ்வூரில், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டால் அவருடைய முன்கை முறிவு முன்னொரு காலத்தில் குணமாகியிருந்தது. சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறவரை மறுப்பது எளிதன்று. ஆயினும் மகனின் விரல்நுனிகள் சில்லிட்டிருந்தன. அருகிலிருந்த மருத்துவமனைக்கே விரைந்தோம்.

மருத்துவர் எக்ஸ்ரேவைப் பார்ப்பதற்கு முன்பே மணிக்கட்டில் நாடி பார்த்தார். பிறகு, "கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடு, ராஜா" என்றார். வட்டம் வரவில்லை, இரு விரல்களும் நுனி மடங்காமல் தட்டையாக ஒட்டி நின்றன. முறிந்த எலும்புக்கு முன்னால் ஓடும் நரம்பு நசுங்கியிருந்தது. நாடியும் மங்கியிருந்தது. 1959இல் கார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இவ்வகை முறிவை மூன்றாகப் பகுத்தார். எங்களுடையது மூன்றாவது: துண்டுகள் முற்றிலும் விலகிய நிலை.

வீங்கிய கையை இறுகக் கட்டினால் இரத்தம் தடைப்பட்டுத் தசை மடியும். விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். 1881இல் இதனை விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன், ரிச்சர்ட் லேயாண்டர் என்ற புனைபெயரில் தேவதைக் கதைகள் எழுதியவர் என்பதைப் பின்னாளில் படித்தோம். அக்கதைகள் 1871இல் நூலாயின. குழந்தைகளுக்குக் கதை சொன்னவரின் பெயர், குழந்தைகளின் கையை முடக்கும் ஒரு கொடுமையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றிரவே அறுவை. உண்மையில் அறுக்கவேயில்லை. மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து எலும்பைப் பொருத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி தோல் வழியே இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளைச் செலுத்தினார்கள். எலும்பு இடம் சேர்ந்ததும் நாடி தெளிந்தது. கம்பியின் நுனிகளைத் தோலுக்கு வெளியே வளைத்து விட்டிருந்தார்கள். நான்காம் வாரம் புறநோயாளிப் பிரிவிலேயே அவற்றை உருவியெடுத்தனர். மூன்றாம் மாதம் விரல்களில் வட்டம் திரும்பியது.

பெரியப்பாவின் கையைக் குணப்படுத்திய கட்டை நாங்கள் பழிக்கவில்லை. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் இறுகினால் அதே கேட்டைச் செய்யும். யார் கட்டினாலும், விரல்கள் சிவந்து சூடாக இருக்கின்றனவா, அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். கட்டிய பிறகும் குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போனால் அதனைப் பிடிவாதம் என்று அதட்டலாகாது. அது கை கேட்கும் உதவி.