நிலக்கோட்டை மல்லிகையும் ஒரு வெள்ளை விட்டிலும்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தாயிற்று, பூட்டும் வாங்கியாயிற்று. இனி என்ன பாக்கி? மதுரைச் சாலையில் தெற்கே புறப்படுங்கள். இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை பார்க்க யாராவது இறங்கிவிட்டால் பயணம் அதோடு சரி! தப்பித்து நிலக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தால், மல்லிகைத் தோட்டங்கள்தான்.

பொழுது சாய்ந்ததும் தேநீர்க் கடைக் குழல்விளக்கைப் பாருங்கள். எத்தனை விட்டில்கள்! வண்ணத்துப்பூச்சிக்கு உணர்கொம்பின் நுனி குண்டூசித் தலைபோல் தடித்திருக்கும். விட்டிலுக்குப் பெரும்பாலும் நூலாகவோ இறகாகவோ இருக்கும். பச்சைப் பட்டில் இளஞ்சிவப்புச் சாயம் இறங்கினாற்போல் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தால், அது அரளி இலை தின்று வளர்ந்தது. முதுகில் மண்டையோடு வரைந்தாற்போல் இருக்கிறதா? எள் வயலிலிருந்து வந்த விருந்தாளியாக இருக்கலாம். தொட்டால் கீச்சென்று கத்தும். பயப்பட வேண்டாம், அதற்குக் கடிக்கத் தெரியாது.

ஆனால் மல்லிகை விவசாயிக்கு இந்தப் பெரிய மனிதர்களைப் பற்றிக் கவலை இல்லை. அவர் தேடுவது சின்னஞ்சிறு வெள்ளை விட்டில் ஒன்றை. பின்னிறக்கையிலும் வயிற்றிலும் கறுப்பாக நெளி நெளியான கோடுகள் இருக்கும். மொட்டுப்புழுவின் தாய் இதுதான். கறுப்புத் தலையும் பச்சை உடலுமாக வரும் அதன் புழு, மொட்டைத் துளைத்து உள்ளிருக்கும் இதழ்களைத் தின்றுவிடும். மொட்டு ஊதாவாகிப் போகும்.

பூக்காரம்மாளிடம் ஊதா மொட்டைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறோமே, அதன் மூலம் இங்கேதான். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துப் பழியைப் புழுவின் தலையில் கட்டிவிட முடியாது. மொட்டு ஈ என்று இன்னொன்று உண்டு, கொசுவைவிடச் சிறியது. அது தாக்கினாலும் மொட்டு ஊதாவாகும். எப்படிப் பிரித்துச் சொல்வது? மொட்டில் வட்டமான துளை இருந்தால் புழு. காம்போடு ஒட்டிய அடிப்பாகம் வீங்கியிருந்தால் ஈ. பறப்பதைப் பிடித்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். விட்டிலுக்கு நான்கு இறக்கைகள். தொட்டால் விரலில் மாவு ஒட்டும். ஈக்கு இரண்டே இறக்கைதான்.

இது வெறும் அடையாள விளையாட்டா? இல்லை, அம்மா! ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். ஆகவே அதற்குச் செடியடி மண்ணைக் கவனித்தாக வேண்டும். விட்டிலின் புழுவோ மொட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆளை மாற்றி மருந்தடித்தால் காசும் போகும், பூவும் போகும்.

விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிக்கிற பெண்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஓட்டை மொட்டு கையில் பட்டால் கூடைக்குள் விடுவதில்லை. தனியாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்கிறார்கள்.